தூரத்துப் பாதி

ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நீங்கள் என்றைக்காவது படுத்திருந்தால், உங்கள் படுக்கை விரிப்பை மப்ரூகா துவைத்திருப்பாள். அதற்கு மேல் அவளுக்கும் ஊருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அவளைப் பற்றி எழுத யாரும் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். நான் நஜியா. அதே சலவைக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்து இயந்திரம். எனக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்பவர்கள் எல்லோரும் அந்த வாயால் ஒரு தடவையாவது பலன் அடைந்தவர்கள்தான்.

கதை தொடங்கியது ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில். ரொட்டியைப் பிளந்து, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவி, டின் மீனை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தோம். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். அந்த நீராவியில் டை கட்டிக்கொண்டு நின்ற தைரியத்துக்கே அவனுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்திருக்கலாம். முதுமைக்குச் சேமிப்பது பற்றிப் பேச வந்தானாம். ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"முப்பது வயசுல ஒரு வருஷச் சம்பளம் கையில சேந்திருக்கணும். நாப்பதுல மூணு வருஷச் சம்பளம். அம்பதுல ஆறு. அப்பத்தான் அறுபதுல யார் கையையும் எதிர்பாக்காம இருக்கலாம்."

நாங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். பிறகு கூடமே சிரித்தது. இருபத்துநாலு வயதுக்காரி ஒருத்தி, "எங்கிட்ட ஆறு தலையணை உறை இருக்கு, கல்யாணத்துக்குச் சேக்கறேன், அது கணக்குல வருமா?" என்றாள். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி, "எனக்கு மூணு பையனுங்க இருக்கானுங்க தம்பி, அதுல ஒருத்தன் வேலைக்குப் போறான், போட்டுக்கோ" என்றாள். எனக்கு அப்போது முப்பத்தொன்பது. என் சேமிப்பு, பாதி தவணை கட்டி முடித்த ஒரு பிரிட்ஜ். அதைச் சொன்னேன். பையன் பாவம், அதையும் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

மப்ரூகா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு நாப்பத்திநாலு. ரெண்டு வளையல் இருக்கு. என் வயசுக்கு என்ன போட்டிருக்கு, படி" என்றாள்.

அவன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உங்களுக்குக் கொஞ்சம் தாமதமாயிடுச்சும்மா. இப்பச் சேந்தா மாசாமாசம் நிறையக் கட்டணும், கிடைக்கறது கம்மியாத்தான் வரும். உங்க பிள்ளைங்க யாராவது..."

"பிள்ளை இல்ல."

"அப்போ வீட்டுக்காரர்..."

"அவரும் இல்ல. வேற ஒருத்திக்கு இருக்காரு."

அத்தோடு கூடத்தில் சிரிப்பு நின்றது. மப்ரூகாவின் கதை எங்களுக்குத் தெரியும். குழந்தை இல்லை என்று பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு புருஷன் விவாகரத்து செய்துவிட்டான். அண்ணன் சாலம் வீட்டில் இருந்தாள். அங்கே அவளுக்கு அறை இல்லை, கூடத்தில் ஒரு மெத்தை. அண்ணி எழுந்து காப்பிக்கு அடுப்பு மூட்டுவதற்குள் அந்த மெத்தையைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவிட வேண்டும். ஒருநாள் காய்ச்சலில் சுருட்டாமல் படுத்திருந்தாளாம். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, மெத்தையைச் சுற்றிச் சுற்றி வந்து தரையைத் துடைத்தாளாம். "திட்டியிருந்தாக்கூட எழுந்திருச்சிருக்க மாட்டேன், நஜியா. அந்தத் துடைப்பம் என்னை எழுப்பிருச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

அந்தப் பையன் கொண்டுவந்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மப்ரூகா போடவில்லை. அன்று மாலையே ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த பலகாரக் கடைக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரர் சி தவுஃபீக்; 'சி' என்றால் எங்கள் ஊரில் ஐயா. இனிப்பு விற்று விற்றுப் பேச்சும் பாகாகிவிட்ட மனிதர். அவருக்கு மென்செல் ஷாக்கர் சாலையில், அப்பா வழியாக வந்த ஆறு ஹெக்டேர் வெற்று நிலம் இருந்தது. அவர் அங்கே போவதே இல்லை. போனால் செருப்பில் முள் ஏறும் என்று பயம்.

"சி தவுஃபீக், உங்க நிலத்தை முகாரசாவுக்குக் கொடுங்க. நான் நடறேன்" என்றாள் மப்ரூகா.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு இது. நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. நடுபவர் ஒலிவ மரங்களை நட்டு, காய்ப்புக்கு வரும்வரை காப்பாற்ற வேண்டும். இடையில் வரிசைகளுக்கு நடுவே பார்லியோ பட்டாணியோ போட்டுத் தன் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ப்புக்கு வந்ததும் நிலமும் மரமும் சரிபாதி. பாதி உடையவருக்கு, பாதி நட்டவருக்கு. ஆனால் அதை ஒரு பெண்பிள்ளை கேட்டு நான் பார்த்ததில்லை.

சி தவுஃபீக்கும் பார்த்ததில்லை. "அம்மா, ஒலிவம் காய்க்கப் பத்து வருஷம் ஆகும். உனக்கு என்ன வயசு?"

"அதை இன்னிக்கு ஒருத்தன் கேட்டுட்டுப் போயிட்டான். நீங்க நிலத்தைப் பத்திப் பேசுங்க."

அவர் சிரித்தார். யோசித்தும் பார்த்தார். சும்மா கிடக்கிற நிலம், இவள் பாதியில் ஓடிவிட்டால் நட்ட மரம் மிச்சம். மறு வாரம் நோட்டரி முன்னால் எழுதினார்கள். எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் வரும் ஒரு நிபந்தனையும் அதில் இருந்தது. பிரிக்கும் நாளில் நட்டவர் கோடு போட வேண்டும், எந்தப் பாதி வேண்டும் என்று உடையவர் தேர்ந்தெடுப்பார். இதைக் கண்டுபிடித்தவனுக்கு மனிதர்களைப் பற்றி நல்ல எண்ணம் இருந்திருக்காது. எந்தப் பாதி தனக்கு வரும் என்று தெரியாததால், நடுபவன் எல்லா மரத்தையும் ஒன்றுபோலத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பி வரும்போது நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "காய்க்கும்போது உனக்கு அம்பத்தஞ்சு ஆயிடுமே மப்ரூகா. இது என்ன பைத்தியக்காரத்தனம்?"

"அம்பத்தஞ்சுல நான் எங்க படுப்பேன்னு அந்தப் பையனோட அட்டையில இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப சும்மா வா."

அவளுடைய அப்பாவும் முகாரசாக்காரர்தான். ஏழாவது வருஷத்தில் ஒரு கடனுக்காகத் தன் பங்கைச் சல்லிசாக விட்டுக்கொடுத்துவிட்டு, கடைசிவரை அந்த மரங்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனவர். குழி எவ்வளவு ஆழம், கன்றை எந்தப் பக்கம் சாய்த்து நடுவது என்பதெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலேயே கையில் வந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் நட்டாள். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். பழைய மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவாள். எங்கள் பக்கத்தில் மரத்துக்கும் மரத்துக்கும் இருபத்துநாலு மீட்டர் விடுவார்கள், மழை அவ்வளவு கஞ்சம். அதனால் நூறு மரம் என்றாலே ஒரு ஊர் தூரம் நடக்க வேண்டும். நிலம் நீளவாக்கில் கிடந்தது. முன்பக்கம் சாலையிலிருந்து வரும் வண்டித்தடம், அதன் ஓரத்தில் பெரிய கரூப் மரம் ஒன்று. பின்பக்கம் கல்லும் முள்ளும். கடைசியில் சப்பாத்திக்கள்ளி வேலி.

முதல் வருஷம் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போனேன். என்னைக் கரூப் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், குச்சியால் தரையில் ஒரு சதுரம் கிழித்தாள்.

"இது அறை. இங்க கதவு. இங்க ஜன்னல், நெழல் விழும் பார். மெத்தை இந்த மூலையில. போட்டா போட்டபடி கிடக்கும். யாரும் சுருட்டச் சொல்ல மாட்டா."

"கக்கூஸை எங்க வெப்ப மகாராணி?" என்றேன். அதற்கும் இடம் காட்டினாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. இந்த ஏற்பாட்டில் இறங்குகிற யாரும் செய்கிற தப்புதான். அவள் மனசு ஒரு பாதியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மொபெட்டை நிறுத்துவது கரூப் மரத்தடியில், ரொட்டி சாப்பிடுவது அங்கே, தண்ணீர் வண்டி வந்து பீப்பாயை நிரப்புவதும் அங்கே. கேனைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையிலிருந்து ஊற்றிக்கொண்டே போவாள். கை ஓயும்போது நடுவே வந்திருப்பாள். பின்பக்கத்து மரங்களுக்கு மிச்சம்தான் போகும், அதுவும் சாயங்கால அவசரத்தில். வேண்டுமென்றே செய்தாள் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் வித்தியாசம் சாலையில் போகிறவனுக்கே தெரிந்தது. முன்பக்கம் என் தோள் உயரம், பின்பக்கம் என் முழங்கால்.

"அடியே, கோடு போட்டா அந்த ஆளு எதை எடுப்பான்னு நினைக்கற? அவன் கண்ணு என்ன பலகாரத் தட்டுலேயே ஒட்டிக்கிட்டிருக்கா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

அவள் குனிந்து களை பிடுங்கினாள். அவளுக்குக் கோபம் வந்தால் களைக்குத்தான் கேடு.

நாலாவது வருஷம் மழை வரவில்லை. இலையுதிர்காலத்தில் இல்லை, குளிர்காலத்தில் பேருக்கு ஒரு தூறல், வசந்தத்தில் புழுதிக்காற்று. பார்லி ஒரு சாண் வளர்ந்து நின்றுவிட்டது. தண்ணீர் வண்டிக்காரன் விலையை ஏற்றினான். நடுக்கோடையில் நான் போனபோது பின்பக்கத்துக் கன்றுகள் இலை சுருண்டு, சாம்பல் பூத்தாற்போல நின்றன. முன்பக்கமும் வாடித்தான் இருந்தது, ஆனால் நின்றது.

சி தவுஃபீக் அன்று தன் காரில் வந்திருந்தார். நாலு வருஷத்தில் இரண்டாவது தடவை. காரை விட்டு இறங்காமலே, கண்ணாடியை இறக்கிப் பேசினார்.

"மப்ரூகா, இருக்கற தண்ணியை முன்னாடி ஊத்தும்மா. நல்லா வந்திருக்கறதைக் காப்பாத்து. பின்னாடி போனா போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஏன், நானும் அதைத்தான் சொன்னேன். நல்ல புத்தி உள்ள எவரும் அதைத்தான் சொல்வார்கள். மப்ரூகா கார் போகும்வரை நின்றாள். பிறகு தன் மணிக்கட்டைத் தடவினாள். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கை வெறுமையாக இருந்தது.

"வளையல் எங்கடி?"

"ஒண்ணு வித்தாச்சு. ஒண்ணு அடுத்த மாசம் விப்பேன்."

"உங்கிட்ட இருந்ததே அது மட்டும்தானே! நாளைக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவ?"

"நாளைக்காகத்தானே இதைப் பண்றேன்" என்று கத்தினாள். அவள் கோபத்தில் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அப்பா ஏழாவது வருஷத்துல விட்டாரு. நான் நாலாவது வருஷத்துல விடவா? அந்தாளு சொன்ன மாதிரி பின்பாதி செத்துச்சுன்னா, பிரிக்கறதுக்கு என்ன இருக்கும்? முன்பாதி மட்டும் இருக்கும். அதை அவன் எடுத்துக்குவான். எனக்கு எது? கல்லு."

நான் ஒரு கேனைத் தூக்கிக் கொடுத்தேன். அது அடிக்கடி நடப்பதில்லை.

அவள் ஒரு கைவண்டி செய்து வைத்திருந்தாள், பழைய மொபெட் சக்கரம் இரண்டை வைத்து. அதில் கேன்களை ஏற்றினாள். முன்வரிசை மரங்களைத் திரும்பிப் பார்க்காமல், உழவு மேட்டின் மேல் ஆட்டி ஆட்டி, கள்ளிவேலிவரை இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து ஊற்ற ஆரம்பித்தாள்.

"முன்னாடி இருக்கறதுங்களுக்கு மூணு வருஷமா ஊட்டியாச்சு, வேர் எறங்கிருச்சு. கொஞ்ச நாள் தாங்கும்" என்றாள் மூச்சு வாங்க. "இதுங்களை நான்தான் பட்டினி போட்டேன். இனிமே கையில தெம்பு இருக்கும்போது தூரத்துக்கு. தெம்பு போனப்புறம் பக்கத்துக்கு. பக்கத்துல இருக்கறதுக்கு எப்படியும் ஊத்திருவேன், எனக்கு என்னைத் தெரியும்."

நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன். திட்டிக்கொண்டேதான் தள்ளினேன். அந்தக் கோடையும் அடுத்த கோடையும் அவள் அப்படித்தான் செய்தாள். இரண்டு வளையலும் மண்ணுக்குள் போயின. வேலி ஓரத்துக் கன்றுகள் ஏழெட்டு, இத்தனைக்குப் பிறகும் செத்தன. மறுபடி நட்டாள், மறுபடி செத்தன. அந்த மூலை மட்டும் சொட்டையாகவே நின்றுவிட்டது. மற்றவை பிழைத்தன.

இடையில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. காப்பீட்டுக்காரன் மாசாமாசம் என் சம்பளத்தில் பிடித்தான். எட்டாவது வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் கூடம் பிடி, பாட்டுக்காரரைப் பிடி என்றார்கள். நான் பாதியில் உடைத்துப் பணத்தை எடுத்தேன். பாதியில் எடுத்தால் இவ்வளவுதான் என்று அவர்கள் கொடுத்தது மருதாணி இரவுக்கே சரியாகப் போய்விட்டது. கல்யாணம் நன்றாக நடந்தது. பாட்டுக்காரன் மட்டும் அபஸ்வரம்.

பத்தாவது வருஷம் மப்ரூகாவின் மரங்கள் காய்த்தன. முன்பக்கத்தில் கிளை தாழ்ந்து, பின்பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. நகம் போகாமலிருக்க விரலில் ஆட்டுக்கொம்பு மாட்டிக்கொண்டு நாங்கள் காயை உருவியபோது விரிப்பில் கொட்டிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பங்கு பிரிக்க வாருங்கள் என்று அவள் சி தவுஃபீக்குக்குச் சொல்லி அனுப்பினாள். அவர், "இதெல்லாம் காய்ப்பா? இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்றார். மறுபடி சொல்லி அனுப்பினாள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் வளர வளர அவளுக்கு வயதாகும், ஒருநாள் அவளே களைத்து ஏதோ ஒரு விலைக்கு விட்டுவிடுவாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அவளுடைய அப்பா விஷயம் ஊருக்கே தெரியுமே.

வருஷத்தின் கடைசி நாள் வந்தது. அன்றைக்கு ஸ்ஃபாக்ஸில் கேக் வாங்காத வீடு கிடையாது. சி தவுஃபீக் கடையில் வரிசை தெருவரை நின்றது. மப்ரூகா மொபெட்டில் ஒரு சாக்குமூட்டையோடு வந்து இறங்கினாள். நேராக உள்ளே போய், பிஸ்தா வைத்த பக்லவாத் தட்டுகளுக்கு நடுவே, கண்ணாடி மேஜைமேல் சாக்கைத் தூக்கி வைத்து வாயை அவிழ்த்தாள். கறுப்பும் ஊதாவுமாக ஒலிவக்காய் மேஜை முழுக்க உருண்டது, தரையில் குதித்தது, வரிசையில் நின்றவர்களின் காலடியில் ஓடியது.

"சி தவுஃபீக், இதுக்கு என்ன பேரு?"

"என்னம்மா இது, வியாபார நேரத்துல..."

"பேரைச் சொல்லுங்க. காய்ப்பா, இல்லையா? உங்களுக்குத் தெரியலைன்னா இவங்களைக் கேப்போம். இவங்க எல்லாரும் எண்ணெயிலே வளந்தவங்க."

வரிசையில் நின்ற ஒரு கிழவர் குனிந்து ஒரு காயைப் பொறுக்கி, நகத்தால் கீறிப் பார்த்தார். "அருமையான ஷெம்லாலி ரகம். இதுல என்ன சந்தேகம்?" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், "ஐயா, அவ பங்கைக் கொடுத்துத் தொலைங்க, எங்களுக்குக் கேக் வேணும்" என்றாள். கடையே சிரித்தது. சி தவுஃபீக்கும் சிரிக்க முயன்றார். அவர் நெற்றியில் வேர்வையைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மறைக்க மாட்டேன்.

"சரிம்மா, புதன்கிழமை வரேன்" என்றார்.

"நோட்டரியோட" என்றாள் மப்ரூகா. சாக்கில் மிச்சம் இருந்ததைக் கட்டிக்கொண்டாள். உருண்டோடியதைப் பொறுக்கவில்லை.

புதன்கிழமை நோட்டரி வந்தார், சி தவுஃபீக் வந்தார், சாட்சிக்கு நான். மப்ரூகா கோடு போட வேண்டும். குறுக்கே போட்டால் முன்பாதி, பின்பாதி. நெடுக்கே போட்டால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கரூப் மரம், கொஞ்சம் கல். நெடுக்கப் போடு, நெடுக்கப் போடு என்று நான் அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். நோட்டரி தலையை ஆட்டினார். நெடுக்கப் பிரித்தால் பட்டை ஒவ்வொன்றும் உழவு வண்டி திரும்ப முடியாத அளவுக்கு ஒடுங்கிவிடும், பத்திரத்திலும் குறுக்கே என்றுதான் இருக்கிறது என்றார். மப்ரூகாவுக்கு அது முதலிலிருந்தே தெரியும்.

குச்சியை எடுத்து, நடுவரிசைக்கு இடையில் குறுக்கே இழுத்துக்கொண்டே போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து குச்சியைக் கீழே போட்டாள்.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

சி தவுஃபீக் யோசிக்கக்கூட இல்லை. கரூப் மரத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "முன்பக்கம்."

பத்து வருஷத்துக்கு முன்னால் குச்சியால் கிழித்த அந்தச் சதுரம் அங்கேதான் இருந்தது. கதவு, ஜன்னல், மூலையில் மெத்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது, நோட்டரி முன்னாலேயே மூக்கைச் சிந்தினேன். மப்ரூகா அழவில்லை. முகம் மட்டும் கொஞ்ச நேரம் வேறு யாருடைய முகம் போலவோ இருந்தது. பிறகு சொன்னாள்.

"ரெண்டாவது வரிசையில மூணாவது மரம் காத்துக்குச் சாயுது. முட்டுக் கொடுத்து வையுங்க. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

கையெழுத்துப் போட்டாள். கரூப் மரத்தடியிலிருந்து மொபெட்டை எடுத்தாள். ஏறி ஓட்டாமல், தள்ளிக்கொண்டே கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். வழியில் என்னிடம், "அந்தக் கோடையில நான் முன்னாடி ஊத்தியிருந்தா இன்னிக்கு எங்கிட்ட கள்ளிவேலி மட்டும்தான் இருந்திருக்கும், தெரியுமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரு காலத்தில் முழங்கால் உயரம் நின்ற அந்த மரங்கள் மெதுவாகத்தான் வந்தன. இரண்டு வருஷம் எண்ணெய் அவள் சாப்பாட்டுக்கே பற்றவில்லை. மூன்றாவது வருஷம் விற்க ஆரம்பித்தாள். நாலாவது வருஷ எண்ணெயில் செங்கல் வாங்கினாள், கல்லுக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை. அறுபதில் ஆஸ்பத்திரி அவளை அனுப்பிவைத்தது. அவள் வேலை செய்த நாட்களில் பாதியைத்தான் சலவைக்கூடத்துக் குத்தகைக்காரன் கணக்கில் காட்டியிருக்கிறான். அதனால் வருகிற ஓய்வூதியம் ரொட்டிக்கும் மொபெட் பெட்ரோலுக்கும் சரியாக இருக்கும். அவள் புது அறைக்குக் கிளம்பிய அன்று அண்ணி ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு செய்து கொடுத்து வழியனுப்பினாளாம். சந்தோஷத்தில் செய்ததா, மரியாதைக்குச் செய்ததா என்று மப்ரூகாவுக்கே தெரியவில்லை. நன்றாக இருந்தது என்றாள்.

போன மாதம் நான் போனேன். நல்ல வெயில், பகல் பன்னிரண்டு இருக்கும். ஒரே ஒரு அறை, நீலக் கதவு. கதவு திறந்து கிடந்தது. உள்ளே மூலையில் மெத்தை விரித்தபடி இருந்தது, விரிப்பு கசங்கி, தலையணை ஒரு பக்கம் சரிந்து. அவள் வெளியே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் வரைக்கும் மெத்தையைப் போட்டு வெச்சிருக்க, வெக்கமா இல்ல?" என்றேன்.

"இல்ல" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பட்டாணி உரித்து முடித்ததும் எழுந்து, என்னைக் கள்ளிவேலி ஓரத்துச் சொட்டை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கல்லெல்லாம் பொறுக்கி ஒரு பக்கம் குவித்திருந்தாள்.

"இதை உனக்கு முகாரசாவுக்குத் தரேன். ஏழெட்டு மரம் வரும். காய்ச்சா பாதி உனக்கு."

"எனக்கு அம்பத்தஞ்சு ஆச்சுடி! அந்தப் பையனோட அட்டைப்படி இந்நேரம் என்கிட்ட ஏழு வருஷச் சம்பளம் இருக்கணும். என்கிட்ட இருக்கறது ஒரு பிரிட்ஜு, அதுவும் இப்ப குளிர் விடறதில்ல. அதோட, ரெண்டு தடவை நட்டுச் செத்த இடத்தையா எனக்குத் தர்ற?"

"நல்ல இடத்தை யாருக்கு வேணா தரலாம். இதுக்கு உன்னை மாதிரி வாய் வேணும். திட்டித் திட்டியே வளத்துருவ."

"பிரிக்கும்போது?"

"பத்திரம் அதேதான். கோடு நீ போடு, நான் எடுத்துக்கறேன். சிநேகிதின்னு தள்ளுபடி கிடையாது."

இவளைத் திட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். என் மகள் வீட்டில் எனக்கு அறை உண்டு. குழந்தைகள் தூங்கினால் விளக்குப் போடக் கூடாத அறை. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, மப்ரூகாவிடமும் இல்லை. அவள் கேட்டதும் இல்லை. மண்வெட்டியை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள்.

வாங்கிக்கொண்டேன். அந்த மூலையில் அவளுடைய அறைக்குப் பக்கமாக ஒரு துண்டு நிலம் மிருதுவாக இருக்கிறது. நிழலும் விழும். உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தோதான இடம். என் கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. கூடாது என்று நின்றேன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, முள் பாவாடையைக் கிழிக்கக் கிழிக்க, வேலியின் கடைசி முனைவரை நடந்தேன்.

"அங்கேயிருந்தா ஆரம்பிக்கற?" என்று கத்தினாள் மப்ரூகா.

"ஆமா" என்று நானும் கத்தினேன். "கையில தெம்பு இருக்கு."

முதல் குழியை அங்கே தோண்டினேன்.